பால்டர்ஸ் கேட் 3: முதல் கேரக்டரைத் தவறில்லாமல் உருவாக்குவது எப்படி?

லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 5ஆம் பதிப்பு விதிகளை அடித்தளமாகக் கொண்டது. மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் அந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு முதல் திரையே மலைப்பூட்டும். 11 ரேஸ் (இனம்), 12 கிளாஸ் (போர்வீரர், மந்திரவாதி போன்ற தொழில்), அடிப்படைத் திறனைக் காட்டும் 6 எண்கள், 18 ஸ்கில்கள் (தனித் திறமைகள்), அதற்குமேல் கொம்பின் வடிவம், கண்ணின் நிறம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

மலைக்கத் தேவையில்லை. இவற்றில் பெரும்பகுதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால், எங்கே நேரம் செலவிடுவது, எங்கே சட்டென்று முடிவெடுத்து நகர்வது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

திருத்தக்கூடியவையும் திருத்த முடியாதவையும்

கேமின் தொடக்கத்தில், கப்பல் விழுந்த கடற்கரைக்குப் பக்கத்தில் இடிந்த கட்டடம் ஒன்று உண்டு. அதன் அடியிலுள்ள கல்லறையில் விதர்ஸ் என்றொரு உலர்ந்த பிணம் எழுந்து வரும். நீங்கள் அங்கே போகாவிட்டாலும் சில நாள் கழித்து அவரே உங்கள் முகாமுக்கு வந்துவிடுவார். அவரிடம் 100 தங்கக் காசு கொடுத்தால் கிளாஸ், 6 எண்கள், ஸ்கில்கள், ஸ்பெல்கள் (மந்திரங்கள்) எல்லாவற்றையும் லெவல் 1இலிருந்து மறுபடி தேர்ந்தெடுக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். (கொடுத்த காசை அவரிடமிருந்தே திருடித் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களும் உண்டு. அவர் மனம் நோவதில்லை.)

முடி, முகம், குரல் போன்றவற்றை முகாமில் இருக்கும் மாயக் கண்ணாடியில் இலவசமாக மாற்றலாம். வெளியான மாதத்தின் கடைசியில் வந்த இரண்டாவது பேட்ச் இந்த வசதியைச் சேர்த்தது.

ரேஸ், அதன் உட்பிரிவு, உடல் வகை, பின்னணி ஆகியவற்றை மட்டும் விதர்ஸாலும் மாற்ற முடியாது, கண்ணாடியாலும் மாற்ற முடியாது. ஆக உண்மையில் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை அவைதாம். எண்களில் தவறு செய்தால் 100 காசோடு போய்விடும். ரேஸ் பிடிக்கவில்லையென்றால் ஆட்டத்தையே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வேறு கேம்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஸ்கைரிமில் டான்கார்ட் விரிவாக்கம் இருந்தால் ரிஃப்டன் ஊரில் 1,000 காசுக்கு முகத்தை மாற்றித் தருவார்கள். ரேஸை மாற்றித் தர மாட்டார்கள்.

திரை காட்டும் வரிசையை நம்ப வேண்டாம்

திரை முதலில் ஆரிஜினை (நீங்கள் யாராக ஆடுவது என்பதை) கேட்கும். பிறகு ரேஸ், அதன்பின் கிளாஸ், பின்னணி, கடைசியில் எண்கள். இந்த வரிசையில் போனால் இடையிடையே திரும்பி வந்து திருத்த நேரும். ஒரு தாளில் கீழ்க்கண்ட வரிசையில் குறித்துக்கொண்டு, பிறகு திரையில் நிரப்புவது எளிது: முதலில் கிளாஸ், அடுத்து எண்கள், அதற்குப் பொருந்தும் ரேஸ், பிறகு பின்னணியும் ஸ்கில்களும், கடைசியாகத் தோற்றம்.

அதற்கு முன்பாக இரண்டு சிறிய முடிவுகள்.

கடினநிலை: முதல் ஆட்டத்துக்கு பேலன்ஸ்டு போதும். கதை மட்டும் வேண்டும், சண்டையில் சிக்கிக்கொள்ள விருப்பமில்லை என்றால் எக்ஸ்ப்ளோரர். ஆனால் எக்ஸ்ப்ளோரரில் இரண்டு கிளாஸைக் கலக்க முடியாது. இவற்றை ஆட்டத்தின் நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம். ஹானர் பயன்முறையில் ஒரே ஒரு சேவ் கோப்புதான் இருக்கும்; பின்னால் போய்த் திருத்த வழியே இல்லை. முதல் ஆட்டத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆரிஜின்: அஸ்டேரியன், லேஸெல், கேல், ஷேடோஹார்ட், வில், கார்லாக் ஆகிய ஆறு பேரில் ஒருவராகவே நீங்கள் ஆடலாம். முதல்முறை வேண்டாம். நீங்களே புதிய ஆளை உருவாக்கினால் இந்த ஆறு பேரையும் வழியில் சந்தித்து அணியில் சேர்த்துக்கொள்ள முடியும்; அவர்களுடைய ரகசியங்கள் ஒவ்வொன்றாக அவிழ்வதை வெளியிலிருந்து பார்ப்பதுதான் இந்தக் கேமின் பாதிச் சுவை. ஏழாவதாக இருக்கும் டார்க் அர்ஜ் வேறு மாதிரி: தோற்றம், ரேஸ், கிளாஸ் எல்லாம் உங்கள் விருப்பம், பின்னணி மட்டும் மாறாது. ஆனால் அந்தக் கேரக்டர் சில இடங்களில் உங்களைக் கேட்காமலேயே கொடூரமான காரியங்களைச் செய்துவிடும். கதை ஒருமுறை முழுதாகத் தெரிந்தபின் ஆடினால்தான் அதன் அழுத்தம் புரியும்.

முதல் படி: கிளாஸ்

உங்கள் ஆள் சண்டையில் என்ன செய்கிறார் என்பதைத் தீர்மானிப்பது கிளாஸ். 12 கிளாஸையும் படித்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். "ஒவ்வொரு முறையும் எத்தனை பொத்தான்களைப் பார்த்து யோசிக்க எனக்குப் பொறுமை இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியில் பட்டியலைச் சுருக்கிவிடலாம்.

பொறுமை குறைவு என்றால் ஃபைட்டர் அல்லது பார்பேரியன். கிட்டே போய் அடிப்பார்கள், அடி வாங்கினாலும் நிற்பார்கள். தூரத்திலிருந்து மாயம் செய்ய ஆசை, ஆனால் பட்டியல் நீளக் கூடாது என்றால் வார்லாக். எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் என்ற ஒரே கேன்ட்ரிப்பை (செலவில்லாத சிறு மாயத்தை) வைத்துக்கொண்டு பாதி ஆட்டத்தை ஓட்டிவிடலாம். லெவல் 2இல் அகனைஸிங் பிளாஸ்ட் எடுத்தால் கரிஸ்மா எண்ணிலிருந்து வரும் மாடிஃபையரும் (கூட்டல் மதிப்பும்) அதன் டேமேஜோடு (எதிரிக்கு ஏற்படும் சேதத்தோடு) சேரும். மற்ற மந்திரக்காரர்களில் பெரும்பாலோர் முழு இரவு ஓய்வெடுத்தால்தான் ஸ்பெல் ஸ்லாட்டுகளை (ஸ்பெல் போடும்போது செலவாகும் வாய்ப்புகளை) மீட்க முடியும். வார்லாக்கோ சிறு ஓய்விலேயே மீட்டுக்கொள்வார்.

நடுத்தரப் பொறுமை இருந்தால் பாலடின். கனமான ஆர்மர் (கவசம்), வலுவான அடி, பேச்சுத் திறமை மூன்றும் ஒரே ஆளிடம். ஒரு எச்சரிக்கை: பாலடினுக்குச் சபதம் உண்டு. சபதத்துக்கு முரணாக நடந்தால் அது முறிந்து, ஓத்பிரேக்கர் ஆகிவிடுவீர்கள். திரும்பப் பெற 1,000 காசு கேட்பார்கள். கண்டவனையெல்லாம் வெட்டிப் பார்க்க நினைப்பவருக்கு இந்த கிளாஸ் ஒத்துவராது.

விஸார்டும் ட்ரூயிடும் இரண்டாம் ஆட்டத்துக்கு. இவை கெட்டவை என்பதல்ல காரணம். முதல் பத்து மணி நேரத்தில் விதிகளையும் கற்று, முப்பது ஸ்பெல்லையும் கற்றுக்கொண்டிருப்பது சோர்வைத் தரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அணியில் நான்கு பேர்தான். வழியில் கிடைப்பவர்களில் ஷேடோஹார்ட் கிளெரிக், லேஸெல் ஃபைட்டர், அஸ்டேரியன் ரோக், கேல் விஸார்ட், வில் வார்லாக், கார்லாக் பார்பேரியன். கூட்டாளிகளாக வருபவர்களில் யாருமே சார்சரராகவோ பார்டாகவோ மாங்க்காகவோ வருவதில்லை. நீங்கள் அந்த மூன்றில் ஒன்றையோ பாலடினையோ எடுத்தால் தொடக்கத்தில் யாருடனும் மோதாமல் பொருந்தும். விருப்பமான கிளாஸ் மோதினாலும் கவலையில்லை: விதர்ஸ் கூட்டாளிகளின் கிளாஸையும் அதே 100 காசுக்கு மாற்றித் தருவார்.

கிளாஸின் உட்பிரிவு கிளெரிக், சார்சரர், வார்லாக், பாலடின் ஆகியோருக்கு லெவல் 1இலேயே கேட்கப்படும். விஸார்டுக்கும் ட்ரூயிடுக்கும் லெவல் 2இல், மற்றவர்களுக்கு லெவல் 3இல்.

இரண்டாம் படி: ஆறு எண்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பொறுமையாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரெங்த் உடல் வலிமை. டெக்ஸ்டெரிட்டி சுறுசுறுப்பு, குறி. கான்ஸ்டிட்யூஷன் தாங்கும் திறன். இன்டெலிஜென்ஸ் படிப்பறிவு. விஸ்டம் கவனமும் உள்ளுணர்வும். கரிஸ்மா பேச்சும் ஆளுமையும்.

ஒவ்வொன்றும் 8இல் தொடங்கும். உங்களிடம் 27 பாயின்ட் இருக்கும். 9 முதல் 13 வரை ஒவ்வொரு படிக்கும் 1 பாயின்ட். 14க்கு ஏற 2, 15க்கு ஏற மேலும் 2. அதாவது 8க்குச் செலவில்லை, 10க்கு 2, 12க்கு 4, 13க்கு 5, 14க்கு 7, 15க்கு 9. பாயின்ட் கொடுத்து 15க்கு மேல் போக முடியாது. இதற்குமேல் ஒரு +2, ஒரு +1 இலவசம். இரண்டையும் ஒரே எண்ணில் போட முடியாது. மேசை விளையாட்டின் பழைய விதிகளில் இந்தக் கூடுதல் ரேஸைப் பொறுத்தது. இங்கே எந்த ரேஸாக இருந்தாலும் உங்கள் விருப்பம்தான்.

அடுத்து முக்கியமான விஷயம். ஆட்டம் இந்த எண்களை நேராகப் பயன்படுத்துவது அரிது. அவற்றிலிருந்து வரும் மாடிஃபையரைத்தான் பயன்படுத்துகிறது. 10இலும் 11இலும் மாடிஃபையர் 0. 12, 13 என்றால் +1. 14, 15 என்றால் +2. 16, 17 என்றால் +3. 8, 9 என்றால் -1. ஆக ஒற்றைப்படை எண் பெரும்பாலும் வீண். 15க்கும் 14க்கும் பகடையில் வித்தியாசமே இல்லை, ஆனால் அதற்கு 2 பாயின்ட் செலவழித்திருப்பீர்கள்.

கேம் தானாக நிரப்பித் தரும் எண்களில் இந்தக் கோளாறு அடிக்கடி தென்படும். 17, 15, 13, 12, 10, 8 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாடிஃபையர்களைக் கூட்டினால் +3, +2, +1, +1, 0, -1, மொத்தம் +6. இதில் 15 என்பது 14 மீது அந்த +1 விழுந்ததால் வந்தது. அதே +1ஐ எடுத்து 13 மீது போடுங்கள். இப்போது 17, 14, 14, 12, 10, 8, மொத்தம் +7. ஒரு பாயின்ட்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல், இரண்டு கிளிக்கில் ஒரு படி மேலே வந்துவிட்டீர்கள்.

எந்த எண்ணை உயர்த்துவது? கிளாஸின் முதன்மை எண்ணைத்தான். ஃபைட்டர், பார்பேரியன், பாலடின் ஆகியோருக்கு ஸ்ட்ரெங்த் (வில் பிடிக்கும் ஃபைட்டருக்கு டெக்ஸ்டெரிட்டி). ரோக், ரேஞ்சர், மாங்க் மூவருக்கும் டெக்ஸ்டெரிட்டி. விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸ். கிளெரிக்குக்கும் ட்ரூயிடுக்கும் விஸ்டம். பார்ட், சார்சரர், வார்லாக் மூவருக்கும் கரிஸ்மா. பாலடினுக்கு இரண்டாவதாக அதுவே.

இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. தாக்கும்போது 20 முகப் பகடையோடு மாடிஃபையரையும், பயிற்சி போனஸையும் கூட்டுவார்கள். லெவல் 1 முதல் 4 வரை பயிற்சி போனஸ் +2. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி விழ நீங்கள் எட்ட வேண்டிய எண்) 14 என்று வையுங்கள். மாடிஃபையர் +3 என்றால் மொத்தம் +5. பகடையில் 9 விழுந்தாலே போதும், அதாவது 60 சதவீத வாய்ப்பு. "விஸார்டுக்குக் கத்தியும் சுழற்றத் தெரியட்டுமே" என்று பாயின்டுகளைப் பரப்பி இன்டெலிஜென்ஸை 10இல் விட்டுவிட்டால் 12 விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட முறை உங்கள் தீப்பந்து சுவரில் போய் மோதும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்த கேரக்டர் எதிலும் தேறாது.

இரண்டாவது எண், எந்த கிளாஸாக இருந்தாலும், கான்ஸ்டிட்யூஷன். பலரும் இதை 8இல் விட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். விஸார்டுக்கு லெவல் 1இல் உயிர் 6 கூட்டல் கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர். அதன்பின் ஒவ்வொரு லெவலுக்கும் 4 கூட்டல் அதே மாடிஃபையர். கான்ஸ்டிட்யூஷன் 8 என்றால் லெவல் 5இல் உயிர் 17. அதுவே 14 என்றால் 32. ஏறத்தாழ இரண்டு மடங்கு. செலவு 7 பாயின்ட்தான்.

அது காப்பாற்றும் இன்னொன்று கான்சன்ட்ரேஷன். நீடித்து நிற்கும் ஸ்பெல்கள் பலவற்றுக்கு மனக்குவிப்பு தேவை. அடிபடும் ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. தோற்றால் ஸ்பெல் கலைந்துவிடும். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவர் இலக்கு 10ஐ 65 சதவீத முறை தாண்டுவார். 8 உள்ளவர் 50 சதவீதம்தான்.

மூன்றாவது பெரும்பாலும் டெக்ஸ்டெரிட்டி. லேசான ஆர்மர் போடுபவருக்கு அதன் முழு மாடிஃபையரும் பாதுகாப்பில் சேரும். நடுத்தர ஆர்மரில் பெரும்பாலும் +2 வரை. கனமான ஆர்மரில் எதுவும் சேராது. ஆகவே கனமான ஆர்மர் போடும் பாலடின் இதைத் தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் யார் முதலில் அடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் இந்தக் கேமில் வெறும் 4 முகப் பகடையோடு டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையரைக் கூட்டுவதுதான், மேசை விளையாட்டைப் போல 20 அல்ல. சின்னப் பகடையில் +3 என்பது பெரிய விஷயம். டெக்ஸ்டெரிட்டி 16 உள்ளவர் 8 உள்ளவரைவிடக் கிட்டத்தட்ட எப்போதும் முந்திக்கொள்வார்.

தொடக்கத்தில் 17 வேண்டுமா, 16 போதுமா என்று ஆட்டக்காரர்களிடையே ஓயாத வாக்குவாதம் உண்டு. இரண்டுக்கும் மாடிஃபையர் +3தான். லெவல் 4இல் ஃபீட் என்ற சிறப்புத் திறன் கிடைக்கும். முதன்மை எண்ணை 1 கூட்டித் தரும் ஃபீட் எடுப்பதாக இருந்தால் 17 சரி. அங்கே 18 ஆகி +4 வரும். கிரேட் வெப்பன் மாஸ்டர், ஷார்ப்ஷூட்டர் போன்ற எண்ணைக் கூட்டாத ஃபீட் எடுப்பதாக இருந்தால், 16இல் நிறுத்தி மிச்சமாகும் 2 பாயின்டை வேறெங்காவது போடுவதே நல்லது. முடிவு செய்யத் தெரியவில்லையா? 16.

மூன்றாம் படி: ரேஸ்

எண்களோடு ரேஸுக்குத் தொடர்பில்லை என்பதால், இங்கே பார்க்க வேண்டியவை நான்கு: இருட்டில் கண் தெரியுமா, எவ்வளவு தூரம் நடக்கும், என்ன கூடுதல் திறன் தரும், மற்றவர்கள் அதை எப்படி நடத்துவார்கள்.

இருட்டில் நிற்பவரைத் தாக்கும்போது கண் தெரியாதவருக்கு வாய்ப்பு குறையும். எல்ஃப், ஹாஃப்-எல்ஃப், ட்வார்ஃப், நோம், டீஃப்லிங், ஹாஃப்-ஆர்க் ஆகியோருக்குக் குறைந்தது 12 மீட்டர் இருட்டுப் பார்வை உண்டு. ட்ரோவுக்கு 24 மீட்டர். மனிதர், ஹாஃப்லிங், டிராகன்பார்ன், கித்யாங்கி ஆகியோருக்கு இல்லை. கேமின் பெரும்பகுதி குகைகளிலும் நிலவறைகளிலும் நடப்பதால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். தீப்பந்தம் ஏந்தியும் சமாளிக்கலாம், தொல்லைதான்.

நடை: பெரும்பாலானவர்களுக்கு ஒரு முறைக்கு 9 மீட்டர். ட்வார்ஃப், நோம், ஹாஃப்லிங் ஆகியோருக்கு 7.5. வுட் எல்ஃபுக்கு 10.5. கிட்டே போய் அடிக்கும் கிளாஸுக்கு அந்த 1.5 மீட்டர் பல சண்டைகளில் உறுத்தும். எதிரிக்கு முன்னால் ஓரடி தூரத்தில் நடை தீர்ந்து நிற்பதைவிட எரிச்சலானது வேறில்லை.

கூடுதல் திறன்களில் கண்ணில் படாமல் போகும் ஒன்று, மனிதருக்கும் ஹாஃப்-எல்ஃபுக்கும் கிடைக்கும் கேடயப் பயிற்சி. சார்சரர், விஸார்ட் கிளாஸ்களுக்குக் கேடயம் பிடிக்கத் தெரியாது. இந்த ரேஸ்களில் ஒன்றை எடுத்தால் பிடிக்கலாம். ஆர்மர் கிளாஸில் சட்டென்று +2. அதுபோல கித்யாங்கிக்கும் ஷீல்ட் ட்வார்ஃபுக்கும் நடுத்தர ஆர்மர் பயிற்சி உண்டு. கித்யாங்கி லெவல் 5இல் மிஸ்டி ஸ்டெப் (சட்டென்று வேறிடத்துக்குத் தாவும்) ஸ்பெல்லும் பெறும். கோல்ட் ட்வார்ஃபுக்கு ஒவ்வொரு லெவலுக்கும் 1 உயிர் கூடுதல். ஹாஃப்லிங்குக்குத் தாக்குதலிலும் ஸ்கில் சோதனையிலும் 1 விழுந்தால் மறுபடி உருட்டும் அதிர்ஷ்டம். ஹாஃப்-ஆர்க் சாக வேண்டிய அடியில் ஒருமுறை 1 உயிரோடு நின்றுவிடும். டிராகன்பார்னில் நிறம்தான் மூச்சின் தன்மை: சிவப்பு நெருப்பு, நீலம் மின்னல், வெள்ளை குளிர், பச்சை நஞ்சு.

உரையாடல்களில் ட்ரோவுக்கும் கித்யாங்கிக்கும் தனி வசனங்கள் நிறைய. கோப்ளின்கள் ட்ரோவைக் கண்டால் பம்முவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. அதேசமயம் வேறு சிலர் அவர்களை வெறுப்போடு பார்ப்பார்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, மனத்துக்குப் பிடித்ததையே எடுங்கள். கணக்குப்படி சிறந்த ரேஸை எடுத்து, நூறு மணி நேரம் அந்த முகத்தைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை.

நான்காம் படி: பின்னணியும் ஸ்கில்களும்

பின்னணி ஒவ்வொன்றும் இரண்டு ஸ்கில்களில் பயிற்சி தரும். நோபிள் என்றால் ஹிஸ்டரியும் பெர்சுவேஷனும். கில்ட் ஆர்ட்டிசன்: இன்சைட், பெர்சுவேஷன். சார்லட்டன்: டிசெப்ஷன், ஸ்லெய்ட் ஆஃப் ஹேண்ட். கிரிமினல்: டிசெப்ஷன், ஸ்டெல்த். அர்ச்சின்: ஸ்லெய்ட் ஆஃப் ஹேண்ட், ஸ்டெல்த். சோல்ஜர்: அத்லெட்டிக்ஸ், இன்டிமிடேஷன். சேஜ்: ஆர்கானா, ஹிஸ்டரி.

பின்னணிக்கு ஏற்ற காரியங்களைச் செய்யும்போது இன்ஸ்பிரேஷன் கிடைக்கும்; அதைச் செலவழித்துத் தோற்ற பகடையை மறுபடி உருட்டலாம். அதிகபட்சம் நான்கு சேர்த்து வைக்கலாம்.

ஒரே ஸ்கில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தால் இரண்டு மடங்காகாது. ஹாஃப்-ஆர்க்குக்குப் பிறப்பிலேயே இன்டிமிடேஷன் உண்டு. அவருக்கு சோல்ஜர் பின்னணி கொடுத்தால் பாதி வீண். எல்ஃபுக்குப் பெர்செப்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ரேஸும் பின்னணியும் தருவதைப் பார்த்துவிட்டு, கிளாஸின் ஸ்கில் பட்டியலில் விட்டுப்போனதைத் தேர்ந்தெடுங்கள்.

எதை எடுப்பது? உங்கள் ஆள்தான் பெரும்பாலும் அணிக்காகப் பேசுவார். கரிஸ்மா கிளாஸ் என்றால் பெர்சுவேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பொறியையும் மறைவான கதவையும் காட்டும் பெர்செப்ஷன் எல்லோருக்கும் பயன்படும். ஸ்ட்ரெங்த் ஆட்களுக்கு அத்லெட்டிக்ஸ். எதிரியைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிடும்போது அதன் அருமை தெரியும். மெடிசின், பெர்ஃபார்மன்ஸ் போன்றவை கேட்கப்படும் இடங்கள் குறைவு. உரையாடல் பகடையில் 20 விழுந்தால் எப்போதும் வெற்றி, 1 விழுந்தால் எப்போதும் தோல்வி; எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அந்த 1 ஒருநாள் வந்தே தீரும்.

ஐந்தாம் படி: ஸ்பெல் எடுப்பவர்களுக்கு மட்டும்

கேன்ட்ரிப் என்பது எத்தனை முறையும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய சிறு மாயம். அதில் குறைந்தது ஒன்றாவது டேமேஜ் தருவதாக இருக்கட்டும்: ஃபயர் போல்ட், சேக்ரட் ஃபிளேம், எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் என்று உங்கள் கிளாஸில் கிடைப்பது. ஸ்லாட் தீர்ந்தபின் கைகொடுப்பது அதுதான்.

லெவல் 1 ஸ்பெல்களில் கான்சன்ட்ரேஷன் குறியுள்ளவற்றை மட்டும் அள்ளிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது கலைந்துவிடும். கான்சன்ட்ரேஷன் ஒன்று, உடனடி டேமேஜ் ஒன்று என்று தொடங்குவது பாதுகாப்பு. ட்ராகனிக் வகை தவிர்ந்த சார்சரரும் விஸார்டும் மேஜ் ஆர்மரை எடுக்க வேண்டும். ஆர்மர் இல்லாதவருக்கு அது 13 கூட்டல் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் பாதுகாப்பு தரும். ட்ராகனிக் சார்சரருக்கு அதே பாதுகாப்பு உடலிலேயே இருப்பதால் அவருக்கு அது வெறும் வீண்.

ஆறாம் படி: தோற்றமும் கனவில் வருபவரும்

கண்ணாடி இருப்பதால் இங்கே அதிகம் மெனக்கெட வேண்டாம். உடல் வகையை மட்டும் யோசித்து எடுங்கள், அதை மாற்ற முடியாது. குரலைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நடக்கச் சொல்லும்போதெல்லாம் அதுதான் ஒலிக்கும். தலைக்கவசம் முகத்தை மறைத்துவிடுமே என்ற கவலை வேண்டாம், அதைக் காட்டாமல் வைக்க ஆட்டத்தில் பொத்தான் உண்டு.

எல்லாம் முடிந்தது என்று அழுத்தினால், "நீ யாரைக் கனவு காண்கிறாய்?" என்று இன்னொரு ஆளின் தோற்றத்தை உருவாக்கச் சொல்லும். திரை தன்னை முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. அப்படியல்ல, இது உங்கள் கேரக்டர் அல்ல, கதையில் பின்னர் வரும் வேறொருவர். கிளாஸோ எண்களோ கிடையாது. அடிக்கடி பார்க்கப்போகும் முகம் என்பதால் பிடித்த மாதிரி அமைத்துக்கொண்டால் போதும்.

அப்படியே பயன்படுத்தக்கூடிய இரண்டு கேரக்டர்கள்

பாலடின்: ஸ்ட்ரெங்த் 14 மீது +2 போட்டு 16, கரிஸ்மா 15 மீது +1 போட்டு 16, கான்ஸ்டிட்யூஷன் 14, டெக்ஸ்டெரிட்டி 10, விஸ்டம் 10, இன்டெலிஜென்ஸ் 8. செலவு 7+9+7+2+2, சரியாக 27. பின்னணி நோபிள் அல்லது சோல்ஜர். நெளிவுசுளிவோடு ஆட விரும்பினால் வெஞ்சன்ஸ் சபதம் எடுங்கள், டிவோஷன் கறாரானது. லெவல் 2இல் டிவைன் ஸ்மைட் (அடியோடு கூடுதல் டேமேஜ் சேர்க்கும் திறன்) வந்ததும் இந்த ஆளின் உண்மையான பலம் தெரியும்.

ட்ராகனிக் சார்சரர், ரேஸ் ஹாஃப்-எல்ஃப்: கரிஸ்மா 15 மீது +2 போட்டு 17, டெக்ஸ்டெரிட்டி 15 மீது +1 போட்டு 16, கான்ஸ்டிட்யூஷன் 14, விஸ்டம் 10, மற்ற இரண்டும் 8. இதுவும் 27. பாதுகாப்பு 13+3, வழியில் ஒரு கேடயம் கிடைத்ததும் ஆர்மர் கிளாஸ் 18 ஆகிவிடும். லெவல் 1 மந்திரக்காரருக்கு இது அபூர்வம். சார்சரருக்குக் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவில் (தீங்கைச் சமாளிக்க உருட்டும் பகடையில்) பயிற்சி உண்டு என்பதால் இலக்கு 10 கான்சன்ட்ரேஷன் சோதனையில் 75 சதவீதம் தேறுவார். ஸ்ட்ரெங்த் 8 என்பதால் சுமை தூக்க முடியாது. கிடைத்ததையெல்லாம் லேஸெலிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் சில மணி நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியவை

கப்பலை விட்டு வெளியே வந்ததும் ஆர்மர்கள் கிடைக்கத் தொடங்கும். எண் பெரிதாக இருக்கிறதே என்று பயிற்சியில்லாத ஆர்மரை மந்திரக்காரருக்கு மாட்டினால் ஸ்பெல் எல்லாம் பூட்டிக்கொள்ளும், தாக்குதலும் பிசகும். "என் ஸ்பெல் பொத்தான்கள் ஏன் வேலை செய்யவில்லை?" என்ற கேள்விக்கு வழக்கமான பதில் இதுதான். பார்பேரியனும் கனமான ஆர்மர் போட்டால் ரேஜுக்குள் (அந்த கிளாஸின் சண்டை வெறிக்குள்) போக முடியாது.

ரோக் கையில் கிட்டே போய் அடிக்கும், ஃபினெஸ் குறியில்லாத ஆயுதம் இருந்தால் அது ஸ்ட்ரெங்த்தைத்தான் பயன்படுத்தும். டெக்ஸ்டெரிட்டி 16 வைத்துக்கொண்டும் அடி ஏன் தவறுகிறது என்று தோன்றினால் முதலில் ஆயுதக் குறிப்பைப் படியுங்கள்.

லெவல் 2இலோ 3இலோ "வேறு கிளாஸ் சேர்" என்ற பொத்தான் கண்ணைப் பறிக்கும். லெவல் 5 வரை தொடாதீர்கள். ஃபைட்டர், பாலடின், பார்பேரியன் போன்றவர்களுக்கு அந்த லெவலில்தான் ஒரே முறையில் இரண்டாவது அடி வருகிறது. விஸார்ட், சார்சரர், கிளெரிக் போன்றவர்களுக்கு மூன்றாம் நிலை ஸ்பெல்கள் திறக்கின்றன. நடுவில் கலந்தால் அது தள்ளிப்போகும், எதிரிகளோ உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். உச்ச லெவல் 12தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, 5ஐ எட்டியபின் விதர்ஸிடம் 100 காசைக் கொடுத்து வேண்டிய கலவையைச் சோதித்துப் பாருங்கள். சோதிக்கும் முன் ஒரு சேவ் போட்டுவிட்டால் அந்த 100 காசும் மிச்சம்.